புதைந்த காட்டிலிருந்து வாழும் காட்டிற்கு



நம் குள்ளஞ்சாவடியில் நின்று வடலூர் செல்லும் பேருந்தில் ஏறினால், சற்று நேரத்தில் 'குறிஞ்சிப்பாடி' என்று நடத்துநர் குரல் கொடுப்பார். குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும் என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் ஊரின் பெயரில் குறிஞ்சி இருக்கிறதே தவிர, நம்மைச் சுற்றி மலை ஏது? செம்மண்ணும் முந்திரித் தோப்புமே நம் கண்ணுக்குத் தெரிவன. மேற்கே நெய்வேலிப் பக்கம் குன்றுகள் போல உயர்ந்து நிற்பவை, சுரங்கத்திலிருந்து தோண்டி எடுத்துக் கொட்டிய மண்மேடுகளே ஆகும்.

எங்களுள் ஒருவர் அந்தச் சுரங்கத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றியவர். மற்றவர் ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், வீட்டுக் கடன் என்று ஓடிய வாழ்க்கையில் மலையைப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை. இருவரும் ஓய்வு பெற்றபின், சென்ற ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஏழு நாட்கள் நீலகிரிக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும் கற்றவற்றையும் இந்த ஆண்டு மலர் வாயிலாக உங்களோடும் உங்கள் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வண்டியே வீடு

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் ராக்கி என்னும் பெரிய மலைத்தொடர் உள்ளது. அங்கே ஓய்வு பெற்ற தம்பதியர் பலர், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த வீட்டுவண்டி ஒன்றில் புறப்பட்டு, வாரக்கணக்கில் மலைகளையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றிப் பார்ப்பதுண்டு. அங்குள்ள எல்லோஸ்டோன் என்ற இடம் 1872-ஆம் ஆண்டு உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எல்லா உயிரிடத்தும் இரக்கம் காட்டச் சொன்ன வள்ளலார், நம் பக்கத்து வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவியதும் அதே 1872-ஆம் ஆண்டில்தான் என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது.

அத்தகைய வீட்டுவண்டிக்கு நாம் எங்கே போவது? எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஆம்னி வேன். அதன் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை போட்டு, அதன்மேல் மெத்தையும் ஜமுக்காளமும் விரித்தோம். பலகைக்கு அடியில் அரிசி, பருப்பு, புளி, குக்கர், இரண்டு தண்ணீர்க் குடங்கள், சிறிய எரிவாயு அடுப்பு ஆகியவற்றை வைத்தோம். அடுப்பை வண்டிக்குள் பற்ற வைப்பதில்லை என்றும், காட்டுப் பகுதியில் எங்குமே பற்ற வைப்பதில்லை என்றும் முதலிலேயே உறுதி செய்துகொண்டோம். காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். ஒரு சிறு பொறி பல நாள் எரியும் காட்டுத்தீயாக மாறக்கூடும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஆணையிட்டது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஏறினால் மலை தாங்காது என்பதே காரணம். அதையும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு புறப்பட்டோம்.

நீர் வந்த வழியே

முதல் நாள் அதிகாலை கிளம்பி, விருத்தாசலம் கடந்து, கோனான்குப்பம் பெரியநாயகி அன்னையின் ஆலயத்தில் செபித்தோம். இத்தாலி நாட்டில் பிறந்து, தமிழ்த் துறவியாகவே வாழ்ந்து, தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் எழுப்பிய கோயில் அது. பிறகு உளுந்தூர்பேட்டை வழியாகச் சேலம் சாலையில் சென்றோம். கள்ளக்குறிச்சியைத் தாண்டும்போது வலப்பக்கம் நீல நிறத்தில் ஒரு கோடு எழுந்தது.

"என்னங்க, அது மேகமா, மலையா?"

"மலைதாம்மா. கல்வராயன் மலை."

எங்கள் பயணத்தில் நாங்கள் கண்ட முதல் மலை அதுவே.

சேலத்தைக் கடந்து பவானி நகரில் இறங்கினோம். இங்கே பவானி ஆறு காவிரியோடு கலக்கிறது. கூடுதுறைப் படியில் நின்றபோது எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இங்கே கலக்கும் நீர் காவிரியாக ஓடி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிகிறது. பிறகு கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக நம் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிக்கு வந்து சேர்கிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்கள் விளைவதற்கு அந்த ஏரி உதவுகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களின் குடிநீருக்கும் அங்கிருந்து தண்ணீர் போகிறது. அப்படியானால், நம் இலையில் விழும் சோற்றில் எங்கோ ஒரு மலையில் பெய்த மழையும் இருக்கிறது அல்லவா? அந்த மழை விழுந்த இடத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். அன்று முதல் எங்கள் பயணம் நீரின் போக்குக்கு எதிராக மேல்நோக்கிச் செல்லும் பயணமாயிற்று.

ஊரிலிருந்து 350 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டி, மாலையில் மலையடிவாரமான மேட்டுப்பாளையத்தை அடைந்தோம். அங்கும் பவானி ஆறே எங்களை வரவேற்றது. பங்குத்தந்தையின் அனுமதியோடு ஆலய வளாகத்தில் வண்டியை நிறுத்தி, இரசமும் சோறும் சமைத்து உண்டு உறங்கினோம்.

பற்சக்கர இரயில்

இரண்டாம் நாள் காலை 7 மணியளவில் மலை இரயில் ஏறினோம். இதற்குப் பல வாரங்களுக்கு முன்பே முன்பதிவு செய்ய வேண்டும்.

சாதாரண இரயிலின் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உராய்வினால்தான் நகர்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் அந்தப் பிடிப்புப் போதாது, சக்கரம் வழுக்கும். எனவே கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறுவது போல ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏறிவிடும்! எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஏதேனும் தவறினால் பெட்டிகள் பின்னோக்கி ஓடிவிடாமல் தாங்கும் அமைப்பு இது.

1899-ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டு உதகை வரையிலும் இப்பாதை திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் தூரம், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்க வழிகள். 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் உள்ளது; உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில், ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது போல இயற்கை மாறிக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் கமுகுத் தோப்பு. அதற்கு மேல் அடர்ந்த காடு. அதற்கும் மேல் தேயிலை. குன்னூரில் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். அன்று மதியமே அதே இரயிலில் இறங்கி வண்டிக்குத் திரும்பினோம்.

வேகாத பருப்பு

மூன்றாம் நாள் எங்கள் வண்டியிலேயே மலை ஏறினோம். குன்னூர்ச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. மலைச்சாலையில் இரண்டு விதிகளை மறக்கக்கூடாது. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

உதகையில் வாடகை அறை ஒன்றை அமர்த்தினோம். இரவுக் குளிரில் வேனில் படுப்பது எங்கள் வயதுக்கு ஆகாது. அந்த வீட்டு முற்றத்தில் சமைத்தபோது ஓர் அதிசயம் கண்டோம். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஆனால் பருப்பு வேகவே இல்லை! ஏன்?

மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் விரைவிலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், உதகையில் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும் குக்கர் இல்லாவிட்டால் அன்று எங்களுக்குச் சாம்பார் இல்லை.

மலை ஏன் குளிர்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சூரியனுக்கு அருகில் போகிறோமே, சூடு அல்லவா கூட வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. காற்று பெரும்பாலும் தரையிலிருந்துதான் சூடு பெறுகிறது. கீழிருந்து எழும் காற்று அழுத்தம் குறையக் குறைய விரிந்து, விரியும்போதே குளிர்ந்துவிடுகிறது. பொதுவாக ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்லாய்ச் சமைந்த மரம்

அன்று மாலை அரசு தாவரவியல் பூங்காவிற்குச் சென்றோம். 1848-ஆம் ஆண்டு மெக்ஐவர் என்பவரால் அமைக்கப்பட்ட பூங்கா இது. மலர்ப் பாத்திகளைச் சுற்றி நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நெடுநேரம் நின்ற இடம் வேறு. அங்கே ஒரு கல்மரம் கிடக்கிறது. இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானது எனக் கருதப்படுவது. தொட்டால் கல்; பார்த்தால் மரம். மண்ணில் புதைந்த மரத்தின் நுண்ணறைகளில் நிலத்தடி நீர் கொண்டுவந்த கனிமம் சிறிது சிறிதாகப் படிந்து, மரத்தின் உருவம் மாறாமலே கல்லாகிவிட்டது. இத்தகைய கல்மரங்களை நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் ஏராளமாகக் காணலாம்.

எங்களுள் சுரங்கத்தில் பணியாற்றியவர் அந்த மரத்தைத் தடவியபடி, நெய்வேலியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அதை உங்களுக்கும் சொல்கிறோம்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், நாம் இன்று வாழும் நிலப்பகுதியில் சதுப்பு நிலக்காடுகள் இருந்தன. சாய்ந்த மரங்களும் உதிர்ந்த இலைகளும் தேங்கிய நீருக்குள் விழுந்தன. நீருக்கடியில் காற்று இல்லாமையால் அவை முழுவதும் மக்கவில்லை, அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அவற்றின்மேல் மணலும் களிமண்ணும் மூடி அழுத்தின. மரத்திலிருந்த ஈரமும் பிறவும் குறைந்து, கரிச்சத்து மிகுந்து, பழுப்பு நிலக்கரி ஆயிற்று. திருவக்கரை மரங்கள் கல்லாயின. நெய்வேலிக் காடு கரியாயிற்று.

1930-களில் கிணறு தோண்டும்போது வெளிவந்த கருநிறப் பொருளே இதன் முதல் தடயம். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் அது கிடைத்ததையும், அவரது முயற்சியையும் நெய்வேலி இன்றும் நினைவுகூர்கிறது. 1956-ல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரிப் படலம் கண்ணில் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் அனல் மின் நிலையம் நெடுங்காலம் உழைத்து 2020-ல் ஓய்வு பெற்றது. நிலக்கரியை எட்ட, பல பத்து மீட்டர் மண்ணை இயந்திரங்களால் அகற்ற வேண்டும். அடியிலிருந்து பீறிடும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும். கரியை வெட்டும்போது சில வேளைகளில் மரத்தின் வரிகள் கலையாத துண்டுகள் கிடைப்பதுண்டாம். "அதைக் கையில் எடுத்தால் காய்ந்த விறகு மாதிரியே இருக்கும்," என்றார்.

தொட்டபெட்டாவும் தோடர்களும்

நான்காம் நாள் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் நின்றோம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்று அது.

நீலகிரியின் வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஓர் ஏடு உண்டு. 1603-ஆம் ஆண்டு, மலைமேல் பழங்காலக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இயேசு சபைக் குரு ஃபெனிசியோ மலையாளக் கரையிலிருந்து கால்நடையாக ஏறி வந்தார். அவர் தேடியவர்கள் அங்கே இல்லை. தோடர்களையும் படகர்களையும் கண்டு, கண்டதை எழுதி வைத்தார். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் வந்து, பின் உதகையில் கல்வீடு கட்டியதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி அது.

தோடர்களின் ஊரை மந்து என்பர். எருமை வளர்ப்பே அவர்களது மரபுத் தொழில். அரைவட்டமாக வளைந்த அவர்களது பழைய குடில்கள் மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டப்பட்டவை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் போடும் பூவேலை 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மாதிரி வரையாமல், துணியின் இழைகளை எண்ணியே கோணல் இல்லாமல் போடுகிறார்கள். தையல் வகுப்பில் பொறுமை இழக்கும் மாணவிகள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்!

சோலைக்காட்டில்

ஐந்தாம் நாள்தான் எங்கள் பயணத்தின் மறக்க முடியாத நாள். அவலாஞ்சி என்னும் இடத்திற்குச் சென்றோம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட பெரிய நிலச்சரிவினால் வந்த பெயர் அது. சொந்த வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறையின் வண்டியில்தான் உள்ளே செல்லலாம்.

மலையின் மேடுகளெல்லாம் புல்வெளி. இரண்டு மேடுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாய் அடர்ந்த குறுங்காடு. அதற்குச் சோலை என்று பெயர். மரங்கள் உயரமில்லை, குடை பிடித்தாற்போல் உச்சி நெருங்கிக் கிடக்கிறது. கிளையெங்கும் பாசி, பாசியின்மேல் சிறு செடிகள். புல்வெளியில் ரோடோடெண்ட்ரான் மரம் செந்நிறமாய்ப் பூத்திருந்தது. குறிஞ்சிச் செடி வளர்வதும் இத்தகைய மலைச்சரிவுகளில்தான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, மேற்கு மலைகளில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்கும்.

மழை ஓய்ந்து பல வாரங்கள் ஆகியும், சோலையின் அடியிலிருந்து நூல் போல ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் 2019 ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல்! வெறும் மண்ணாக இருந்தால் அத்தனையும் வெள்ளமாய்ப் பாய்ந்து மலையையே கரைத்திருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது. புல்லின் வேரும் சோலையின் சருகும் பாசியும் பஞ்சு போல மழையை உறிஞ்சிவைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. அந்தச் சொட்டுகள் குந்தா ஆறாகின்றன, குந்தா பவானியாகிறது, பவானி காவிரியாகிறது. கூடுதுறையில் நாங்கள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஓடையில் கை நனைத்துக்கொண்டிருந்தபோது எங்களுள் ஒருவர் வெகுநேரம் பேசவில்லை.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"ஒண்ணுமில்லம்மா. முப்பத்துநாலு வருஷமா நான் காட்டைக் கரியாத்தான் பார்த்தேன். காடு உசிரோட இருந்தா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

நெய்வேலியில் புதைந்தது சதுப்பு நிலக்காடு; இது மலைக்காடு. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அவர் சொன்னதன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலில் நம் ஊர் முந்திரியும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்ததைக் கண்டவர்கள் நாம். நிழல் போனபின் வீடு எப்படி இருந்தது என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். அவர்களுக்கும் இது விளங்கும்.

அந்த வாழும் காட்டுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் தைலமரத்தையும் சீகை என்னும் வாட்டில் மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். பிற்காலத்திலும் புல்வெளியை வீண் நிலம் என்று எண்ணி அவற்றையே பரப்பினார்கள். மரம் நடுவது நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் புல் இருக்க வேண்டிய இடத்தில் அயல்நாட்டு மரம் புகுந்தால் புல் அழிகிறது. புல்லை நம்பிய வரையாடும் எருமையும் தவிக்கின்றன. நீர் ஊறும் சதுப்புகள் சுருங்குகின்றன. இத்தவற்றைத் திருத்த, அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கான கொள்கையை 2022-ல் தமிழக அரசு வெளியிட்டது. எங்கே எது வளர வேண்டும் என்று படைத்தவர் வகுத்த ஒழுங்கை அறிந்துகொண்டு நடுவதே நல்ல நடவு என்று அன்று கற்றோம்.

இரண்டு விளக்குகள்

ஆறாம் நாள் பைக்காராவைக் கண்டோம். பைக்காரா ஆற்று நீரை மிக உயரத்திலிருந்து குழாய்களில் விழச் செய்து, அதன் வேகத்தால் சுழலியைச் சுற்றி, 1932-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கோவையின் நூற்பாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் பெரிதும் துணை செய்தது. சுழலியைச் சுற்றிய நீர் அழிந்துபோவதில்லை; மாயாற்றின் வழியாகப் பவானிசாகர் அணைக்கு வந்து வயலுக்குப் பாய்கிறது. நெய்வேலி மின்சாரமும் பைக்காரா மின்சாரமும் ஒரே கம்பி வலையில் கலந்து நம் வீட்டு விளக்கில் எரிகின்றன.

ஓய்வூதியம் வாங்கும் எங்களுக்கு இரண்டின் வேறுபாடும் உடனே விளங்கியது. நிலக்கரி, வங்கியில் போட்டுவைத்த வைப்புத்தொகை போன்றது. கோடி ஆண்டுகளாகச் சேர்ந்தது. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்தது. சோலையும் அதன் நீரும் மாதந்தோறும் வரும் வருவாய் போன்றவை. காடு நலமாக இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். சேமிப்பை எடுக்காமல் எந்தக் குடும்பமும் நடந்ததில்லை. நெய்வேலிக் கரியால் எத்தனையோ ஊர்கள் ஒளி பெற்றன. எங்கள் பிள்ளைகளும் படித்தார்கள். அதற்காக நிலத்தைத் தந்து இடம்பெயர்ந்த குடும்பங்களையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் சேமிப்பையும் வீணாக்கி, வருவாய் தரும் நிலத்தையும் விற்றுவிட்டால், பின்வரும் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

வீடு திரும்பினோம்

ஏழாம் நாள் விடியுமுன் கோத்தகிரி வழியாக இறங்கி, இரவு ஊர் வந்து சேர்ந்தோம். மலையிலிருந்து செடியோ பூவோ ஒன்றும் பறித்து வரவில்லை. கொண்டு சென்ற பைகளையும் காலி உறைகளையும் ஒன்றுவிடாமல் திரும்பக் கொண்டுவந்தோம்.

எல்லோராலும் உடனே நீலகிரிக்குச் செல்ல இயலாது. ஆயினும் அங்கே கற்றதை இங்கேயே செய்யலாம். ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஆளில்லாத வகுப்பறையில் நான்கு மின்விசிறிகள் மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல் சுழன்றால் ஒரு யூனிட் போய்விடும். கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்த ஒரு கிலோ காடு, ஒருவருக்கும் பயனின்றிச் சாம்பலாகிறது என்று பொருள். மணி அடித்ததும் கடைசியாக வெளியேறும் மாணவி ஒரு கணம் நின்று பொத்தானை அணைத்தால் அதுவே பெரிய தொண்டு. இரண்டாவதாக, வீட்டுக்கு ஒரு மரம் நடுங்கள். நம் செம்மண்ணுக்கு உரிய பலாவும் முந்திரியும் வேம்பும் நடுங்கள். தானே புயலில் எங்கள் வாசல் பலா விழுந்தது. அதே இடத்தில் வைத்த கன்று இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கிறது.

சூரியனையும் நீரையும் உடன்பிறப்புகளாக அழைத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் வழியில், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடல், இப்பூவுலகை நம் பொதுவான இல்லம் என்கிறது. ஏழு நாட்கள் ஒரு சிறு வண்டியை வீடாகக் கொண்டு வாழ்ந்தபோது, இருக்கிற தண்ணீரை அளந்து செலவிட்டோம். இருக்கிற இடத்தைத் துடைத்து வைத்தோம். பெரிய வீட்டிலும் அப்படியே வாழ இறைவன் நமக்கு அருள்வாராக. 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது, அதைக் காண உங்களுள் சிலரேனும் செல்ல வேண்டும். சென்று வந்து இதே மலரில் எழுத வேண்டும். அதைப் படிக்கக் காத்திருக்கிறோம்.